எல்இடி ஹெட்லைட் பல்பும் அதன் சூடும்: சேலம், ஏற்காடு கார் உரிமையாளர்களின் கேள்விகள்

ஹாலோஜன் பல்பைக் கழற்றிவிட்டு எல்இடி பல்பு போட்டுக்கொள்ளும் வழக்கம் சேலத்தில் பழைய கார், புதிய கார் என்ற வேறுபாடு இல்லாமல் பரவியிருக்கிறது. கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் வெளிச்சத்தைப் பற்றியே கேட்கிறார்கள். சூட்டைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. ஒரு பல்பு எவ்வளவு வெளிச்சம் தரும், எத்தனை காலம் தரும் என்ற இரண்டையும் முடிவு செய்வது, அதன் சிப்பில், அதாவது ஒளி தரும் சிறு வில்லையில், பிறக்கும் சூடு தடையில்லாமல் வெளியேறுகிறதா என்பதுதான். இங்கே உள்ள கேள்விகள் அனைத்தும் அதைச் சுற்றியே அமைகின்றன.

கேள்வி: எல்இடி சூடாகாது என்று சொல்கிறார்களே, பிறகு அதன் பின்பக்கம் ஃபேன் எதற்கு?

எல்இடி சூடாகும், அந்தச் சூடு போகும் திசைதான் வேறு. ஹாலோஜன் பல்பில் டங்ஸ்டன் இழை 2,500 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சுடர்ந்து, அது வாங்கும் மின்சாரத்தின் பெரும்பகுதியை அகச்சிவப்புக் கதிராக, வெளிச்சத்தோடு சேர்த்து முன்பக்கமாகவே அனுப்பிவிடுகிறது. எரியும் ஹாலோஜன் ஹெட்லைட்டின் முன்னால் கையை நீட்டினால் உறைக்கும் சூடு அதுதான். அந்தப் பல்புக்குச் சூடு தேவையும்கூட, ஏனென்றால் ஆவியாகும் டங்ஸ்டனை மீண்டும் இழைக்கே கொண்டுசேர்க்கும் ஹாலோஜன் சுழற்சி நடக்க வேண்டுமானால் கண்ணாடிக் குப்பி 250 டிகிரிக்கு மேல் இருந்தாக வேண்டும்.

எல்இடி சிப் அனுப்பும் ஒளியில் அகச்சிவப்பு ஏறத்தாழ இல்லை. ஆகவே முன்பக்கம் கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் அது வாங்கும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குச் சூடாக மாறி, சில மில்லிமீட்டர் அகலமே உள்ள சிப்பின் அடியில் தங்கிவிடுகிறது. கதிராகப் பறந்துபோக அதற்கு வழியில்லை. உலோகத்தின் வழியாகத்தான் பின்பக்கம் கடந்து வர வேண்டும். சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகப் பகுதியான ஹீட் சிங்கும், ஃபேனும் அதற்காகவே இருக்கின்றன.

கேள்வி: சிப் எவ்வளவு சூட்டைத் தாங்கும்? தாண்டினால் உடனே எரிந்துபோகுமா?

ஹெட்லைட்டுக்குப் பயன்படும் சிப்புகள் பலவற்றுக்கும், சிப்பின் உள்ளே இருக்கக்கூடிய உச்ச வெப்பநிலை 125 முதல் 150 டிகிரி வரை என்று தயாரிப்பாளர்கள் குறிக்கிறார்கள். அதைத் தாண்டிய அன்றைக்கே எரிந்துபோவது அரிது. முதலில் வெளிச்சம் குறையும். அதே சூட்டில் தொடர்ந்து ஓட்டினால் நீல ஒளியை வெண்மையாக்கும் பாஸ்பர் பூச்சும், அதைச் சுற்றியுள்ள சிலிக்கோனும் கெட்டு, நிறம் மாறத் தொடங்கும். புதிதாகப் போட்டபோது தூய வெண்மையாக இருந்த பல்பு சில மாதங்களில் நீலம் பாய்ந்தோ பழுப்பேறியோ தெரிந்தால், அது அளவுக்கு மீறிய சூட்டில் வேலை செய்து வருகிறது என்று கருதலாம்.

சற்று நல்ல பல்புகளில் சிப்பின் அருகே வெப்பநிலையை உணரும் சிறு பாகம் ஒன்று இருக்கும். சூடு எல்லையை நெருங்கும்போது அது மின்னோட்டத்தைக் குறைத்துவிடும். பல்பைக் காப்பாற்றும் நல்ல ஏற்பாடு இது; ஆனால் அது அடிக்கடி வேலை செய்கிறது என்றால், நீங்கள் காசு கொடுத்து வாங்கிய வெளிச்சம் முதல் சில நிமிடங்களுக்கு மட்டுமே கிடைக்கிறது என்று பொருள்.

கேள்வி: பெட்டியின் மேல் 200 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. வாட் கூடினால் வெளிச்சமும் கூடும் அல்லவா?

இந்தக் கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகவே விடை சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஏமாற்றம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் 13.5 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். 200 வாட் என்று அச்சிட்ட ஜோடியில் ஒரு பல்பு 2 ஆம்பியர் அளவே எடுக்கும். அதாவது 27 அல்லது 28 வாட். இது பொய் என்பதில் ஐயமில்லை, ஆனால் வாங்குபவருக்கு நன்மை செய்யும் பொய். அந்த அளவுள்ள பல்பு உண்மையிலேயே 100 வாட் எடுத்தால் சில நிமிடங்களில் தானே வெந்துபோகும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். சிப்பிலிருந்து வெளிக்காற்று வரை உள்ள பாதையில், ஒவ்வொரு வாட் சூட்டுக்கும் 4 டிகிரி வீதம் வெப்பநிலை ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 வாட் எடுக்கும் பல்பில் ஏறத்தாழ 17 வாட் சூடாகும். அதனால் சிப், சுற்றியுள்ள காற்றைவிட 68 டிகிரி கூடுதலாக இருக்கும். ஹெட்லைட்டின் பின்னால், பானெட்டுக்குள் காற்று 60 டிகிரி என்றால் சிப் 128 டிகிரியில் நிற்கும். 150 டிகிரி வரை தாங்கும் சிப் என்றால் எல்லைக்குள்தான், 125 டிகிரி சிப் என்றால் விளிம்பைத் தாண்டிவிட்டது. அதே அமைப்பில் 40 வாட் செலுத்தினால் ஏறத்தாழ 27 வாட் சூடு, 108 டிகிரி ஏற்றம், சிப் 168 டிகிரி. அங்கே இரண்டில் ஒன்று நடக்கும்: பல்பு தன்னைத்தானே மங்கச் செய்துகொள்ளும், அல்லது சீக்கிரம் செத்துப்போகும்.

ஆகவே வாட்டைப் பார்க்காமல் பாதையைப் பாருங்கள். செம்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 400 வாட் அளவுக்குச் சூட்டைக் கடத்துகிறது. அலுமினியம் அதில் பாதி. வார்ப்பு அலுமினியம் அதைவிடவும் குறைவு. அதே கணக்கில் அசையாத காற்று 0.03 வாட்டைக்கூட எட்டாது. சிப் ஒட்டியிருக்கும் பலகையின் நடுப்பகுதி செம்பாக இருந்து, அது நேராக ஹீட் சிங்கோடு இறுகச் சேர்ந்திருந்தால் பாதை நல்ல பாதை. இடையில் ஓர் இடைவெளி விழுந்து காற்று புகுந்துகொண்டால், எவ்வளவு பெரிய ஹீட் சிங்க் இருந்தும் பயனில்லை. கையில் எடுத்துப் பார்க்கும்போது கனமாக இருக்கும் பல்பு பெரும்பாலும் இலேசான பல்பைவிட நல்லதாக இருப்பது இதனால்தான். அலுமினியம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: சேர்வராயன் மலையில் வெட்டியெடுத்த பாக்சைட் ஒரு காலத்தில் மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. ஹீட் சிங்கின் மூலப்பொருள் நம் மலையிலேயே கிடந்திருக்கிறது.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவுகோலும் தேவை. ஹை பீம், லோ பீம் இரண்டையும் ஒரே பல்பில் தரும் வழக்கமான எச்4 வகை ஹாலோஜன் பல்பு 60/55 வாட் எடுத்து, ஹை பீமில் 1,650 லூமெனும் லோ பீமில் 1,000 லூமெனும் தரும் (லூமென் என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு). உண்மையான 20 முதல் 25 வாட் எல்இடி இதைத் தாராளமாக எட்டிவிடும். 20,000 லூமென் என்று அச்சிட்ட பெட்டியை அப்படியே வைத்துவிட்டு வரலாம்.

கேள்வி: ஃபேன் உள்ள பல்பு நல்லதா, ஃபேன் இல்லாததா?

ஃபேன் உள்ள பல்பு சிறிய ஹீட் சிங்கிலிருந்தே நிறைய சூட்டை வெளியேற்றும். ஆனால் விரைந்து சுழலும் அந்தச் சிறிய ஃபேன்தான் பல்பில் முதலில் பழுதாகும் பாகமும்கூட. ஃபேன் நின்றதும் வெளிச்சம் குறையும்; அதைக் கவனிக்காமல் ஓட்டினால் சிப்பும் கெடும். ஃபேன் இல்லாதவற்றில் செம்புக் கம்பிகளைப் பின்னிய பட்டைகளோ அலுமினியத் தகடுகளோ இருக்கும். அவற்றை விரித்துவிட இடம் வேண்டும். சுருட்டிக் கவருக்குள் திணித்தால் அவை வேலை செய்யாது.

சேலம் நகருக்குள்ளும், நாமக்கல், தருமபுரி வரையிலும் ஓட்டுபவர்களுக்கு ஃபேன் உள்ள, உண்மையில் 25 வாட் எடுக்கும் பல்பு போதும். கல் வெட்டும் சுரங்கப் பகுதிச் சாலைகள், தோட்டப் பாதைகள் என்று எப்போதும் தூசியில் ஓட்டுபவர்களுக்கு, வெளிச்சம் சற்றுக் குறைந்தாலும் ஃபேன் இல்லாத 20 வாட்டுக்கு உட்பட்ட பல்பையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: ஏற்காட்டுக்கு ஏறும்போது வெளிச்சம் குறைகிறது, மேலே போனதும் சரியாகிவிடுகிறது. இது மனப்பிரமையா?

மனப்பிரமை இல்லை. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடிக்கும் வரை கார் பெரும்பாலும் இரண்டாவது கியரில், குறைந்த வேகத்தில் போகிறது. எஞ்சின் முழுச் சுமையில் உழைக்கிறது. ரேடியேட்டர் ஃபேன் ஓடி, சூடான காற்றைப் பானெட்டுக்குள் தள்ளுகிறது. எதிர்க்காற்றோ மிகக் குறைவு. கோயம்புத்தூர் சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது பானெட்டுக்குள் இருக்கும் வெப்பநிலையைவிட மலை ஏற்றத்தின்போது உள்ள வெப்பநிலை மிகக் கூடுதல். பல்புக்குக் கிடைக்கும் காற்றே சூடான காற்று என்பதால், கோடைக்கால இரவில் அடிவாரத்திலேயே விளிம்பில் இருந்த பல்பு, ஏறும் வழியில் எல்லையைத் தொட்டு மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்கிறது.

உயரத்தால் காற்று மெலிந்து ஃபேன் பயனற்றுப்போகிறதா என்றும் சிலர் கேட்கிறார்கள். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் உள்ளன. அந்த வேறுபாட்டில் காற்றின் அடர்த்தி எட்டில் ஒரு பங்கு குறையும். ஃபேன் தள்ளும் காற்றின் எடையும் அதே அளவு குறையும். அதே உயர வேறுபாட்டில் வெளிக்காற்று எட்டு டிகிரி அளவுக்குக் குளிர்ந்தும் விடுவதால், மெலிந்த காற்றால் ஏற்படும் இழப்பைக் குளிர்ச்சி ஈடுகட்டிவிடும். மேலே ஏரிப் பக்கம் போனதும் வெளிச்சம் சரியாவதற்கு, எஞ்சின் சுமை குறைவதும் இந்தக் குளிர்ச்சியும் சேர்ந்தே காரணம்.

வழியில் மங்கினாலும் கண்ணுக்குத் தெரியாத அளவு என்றால் கவலை இல்லை. வளைவில் சாலையின் வெள்ளைக்கோடு தெளிவாகத் தெரியாத அளவுக்கு மங்கினால், அந்தப் பல்பு மலைப்பாதைக்கு உதவாது. இரவில் அந்தச் சாலையில் ஓட்டுவதற்கு முன் மாற்றிவிடுங்கள். இறங்கும்போது எஞ்சினுக்குச் சுமை இல்லாததால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் வராது.

கேள்வி: ஹெட்லைட்டின் பின்னால் உள்ள ரப்பர் கவரை மூடினால் சூடு உள்ளே தங்காதா? எடுத்துவிடலாமா?

எடுக்கக் கூடாது. எச்4 பல்பு போடும் பல கார்களில் முதலில் பல்பின் வளையத்தை மட்டும் தனியே பொருத்தி, அதன் மேல் ரப்பர் கவரை மாட்டி, பிறகு பல்பை அதன் நடுத்துளை வழியே செருகித் திருப்ப வேண்டும். அப்படிப் போட்டால் ஃபேனும் ஹீட் சிங்கும் கவருக்கு வெளியே நிற்கும்; ஹெட்லைட்டும் மூடியே இருக்கும். அவசரத்தில் பல்பை முழுதாக மாட்டிவிட்டு அதன் மேல் கவரை இழுத்து மூடிவிடுகிறார்கள். அப்போது ஃபேன் ரப்பருக்குள் அடைபட்ட காற்றையே மீண்டும் மீண்டும் சுழற்றுகிறது.

எச்7 போன்ற பல்புகள் உள்ள கார்களில் பிளாஸ்டிக் மூடி ஹெட்லைட்டை முழுதாக அடைத்துவிடும். பல்பு உள்ளேதான் இருந்தாக வேண்டும். அங்கே மூடியில் துளை போடும் பழக்கம் மிகவும் தவறு. சூடு கொஞ்சம் குறையலாம். ஆனால் தூசியும் ஈரமும் உள்ளே போய் ரிஃப்ளெக்டரின் பூச்சைக் கெடுத்தால் முழு ஹெட்லைட்டையே மாற்ற வேண்டிவரும். உயரம் கூடிய மாற்று மூடி கிடைத்தால் அதைப் போடுங்கள். கிடைக்காவிட்டால் வாட் குறைந்த பல்புக்கு இறங்குங்கள்.

கேள்வி: தூசியால் சூடு கூடுமா?

கூடும். ஹீட் சிங்கின் தகடுகளுக்கு நடுவே தூசி படிந்தால் காற்று போக வழியில்லை. சேலத்தில் வெள்ளைக்கல் (மேக்னசைட்) சுரங்கப் பகுதியை ஒட்டி ஓடும் கார்களில் மாவு போன்ற தூசி படியும். எஞ்சின் எண்ணெய்க் கசிவும் அதோடு சேர்ந்தால் களிம்பாகிவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, கார் ஆறியபின், மென்மையான தூரிகையால் தட்டிவிட்டால் போதும். வாட்டர் சர்வீசில் அழுத்தத்தோடு வரும் தண்ணீரை ஹெட்லைட்டின் பின்பக்கம் அடிக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.

கேள்வி: வயரோடு தொங்கும் சிறிய பெட்டி எது? அதுவும் சூடாகிறதே.

அது சிப்புக்குப் போகும் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவர் பெட்டி. அதில் 10 முதல் 15 சதவீத மின்சாரம் சூடாக வீணாகும். 25 வாட் பல்பில் அது 3 வாட் அளவு. சிறிது போலத் தோன்றினாலும் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளுக்கு அது பெரிது: வெப்பநிலை 10 டிகிரி கூடும்போதெல்லாம் அவற்றின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் கைக்கொள்ளும் விதி.

ஆகவே அந்தப் பெட்டியை ரேடியேட்டர் ஹோஸின் மேலோ எஞ்சினுக்குப் பக்கத்திலோ தொங்கவிடாதீர்கள். இன்சுலேஷன் டேப்பால் சுற்றவும் வேண்டாம். ஹெட்லைட்டுக்குப் பக்கத்தில் உள்ள பாடித் தகட்டோடு ஒட்டி, பிளாஸ்டிக் டேக்கால் இறுக்கிக் கட்டினால், தகடே கூடுதல் ஹீட் சிங்காகிவிடும்.

கேள்வி: பல்பு போட்டதும் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு வருகிறது. கடையில் ரெசிஸ்டர் போடச் சொல்கிறார்கள். சரியா?

எல்இடி குறைந்த மின்சாரம் எடுப்பதால், பல்பு பழுதாகிவிட்டது என்று காரின் கணினி தவறாக எண்ணுகிறது. அதை ஏமாற்ற 6 ஓம் ரெசிஸ்டர் போட்டால், அது மட்டுமே 28 வாட்டுக்கு மேல் எடுத்து அனைத்தையும் சூடாக மாற்றும். 100 டிகிரியைத் தாண்டிச் சூடேறும் அந்தப் பாகத்தை வயர்களோடு சேர்த்துக் கட்டினால் வயரின் உறை உருகும், தீப்பிடிக்கவும் கூடும். காரின் கணினி பிழை காட்டாமல் பார்த்துக்கொள்ளும் கேன்பஸ் வசதி பல்போடு சேர்ந்தே வரும் மாதிரியை வாங்குவதே நல்லது. ரெசிஸ்டர் போட்டே ஆக வேண்டும் என்றால் அதை உலோகத் தகட்டில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும்.

கேள்வி: ஹாலோஜன் பல்பைச் செருகும் ஹோல்டர் உருகுகிறது. எல்இடி போட்டால் அது நிற்குமா?

பெரும்பாலும் நிற்கும், ஏனென்றால் மின்னோட்டம் 4 அல்லது 5 ஆம்பியரிலிருந்து 2 ஆம்பியராகக் குறைகிறது. பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் எடுத்துத் தரும் ரிலே செட்டும் தேவைப்படாது. ஆனால் ஏற்கெனவே உருகிய ஹோல்டரின் பின்கள் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியே புதிய சூட்டை உண்டாக்கும். புது ஹோல்டர் போட்ட பிறகே எல்இடி போடுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் நிறுத்தினால் ஹெட்லைட் கண்ணாடியின் உட்பக்கம் பனி படிகிறது. ஹாலோஜன் இருந்தபோது இப்படி இல்லையே?

முதல் விடையில் சொன்னதன் மறுபக்கம் இது. ஹாலோஜன் முன்பக்கமாக அனுப்பிய சூடு கண்ணாடியை வெதுவெதுப்பாக்கி, படிந்த ஈரத்தைச் சில நிமிடங்களில் உலர்த்தியது. எல்இடி போட்ட பிறகு கண்ணாடி குளிர்ந்தே இருப்பதால் ஈரம் அங்கேயே தங்குகிறது. மெல்லிய ஆவிப்படலம் ஒரு மணி நேரத்தில் மறைந்தால் விட்டுவிடலாம். சொட்டாக நின்றால் கவர் சரியாக உட்காரவில்லை, அல்லது ஹெட்லைட்டின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வாங்கிய பல்பு சூட்டைத் தாங்குகிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும், இதை எல்லோரும் செய்ய வேண்டும் என்பது என் விருப்பம். இரவில் காரைச் சுவரிலிருந்து 3 மீட்டர் தள்ளி, வெளிக்காற்று உள்ள திறந்த இடத்தில் நிறுத்துங்கள். பேட்டரி இறங்காமல் இருக்க எஞ்சினை ஓடவிடுங்கள். பானெட்டை மூடியே வையுங்கள், திறந்து வைத்துச் சோதித்தால் பலன் பொய்யாகிவிடும். லோ பீமைப் போட்டதும், சுவரில் வெளிச்சம் மிகுந்த இடத்தில் ஃபோனைப் பிடித்து, லக்ஸ் (பரப்பில் விழும் வெளிச்சத்தின் அளவு) அளக்கும் செயலியில் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே இடத்தில், அதே கோணத்தில், அரை மணி நேரம் கழித்து மீண்டும் அளங்கள். ஃபோன் காட்டும் எண் துல்லியமாக இருக்க வேண்டியதில்லை. முதல் எண்ணோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். 10 முதல் 15 சதவீதம் குறைந்தால் இயல்பு. 30 சதவீதத்துக்கு மேல் குறைந்தால் அந்தப் பல்பைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கோடையில் சோதிப்பது இன்னும் நல்லது. மார்கழியில் தேறிய பல்பு சித்திரையில் தேறாமல் போகலாம்.

கேள்வி: பல்பைப் பிரித்துத் தெர்மல் பேஸ்ட் போடலாமா?

வேண்டாம். பேஸ்ட் என்பது இரண்டு உலோகப் பரப்புகளுக்கு இடையே உள்ள நுண்ணிய பள்ளங்களை நிரப்புவதற்கே. அதன் கடத்துதிறன் செம்பின் நூற்றில் ஒரு பங்கு அளவே. தடிப்பாகப் பூசினால் சூட்டுக்குத் தடையாகிவிடும். பிரித்தால் வாரண்டியும் போகும், இழையின் இடத்தில் சரியாக நிற்க வேண்டிய சிப் நகர்ந்து எதிரே வருபவரின் கண்ணைக் கூசவும் செய்யும்.

கேள்வி: இப்படி மாற்றுவதற்குச் சட்டத்தில் இடம் உண்டா?

தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து வாகனத்தை மாற்றுவதை 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. ஜெர்மனியிலும் 2020இல்தான் ஓஸ்ராம் நிறுவனத்தின் மாற்று எல்இடி பல்பு ஒன்றுக்கு, அதுவும் பட்டியலிட்ட கார்களுக்கு மட்டும், ஒப்புதல் கிடைத்தது. சோதனையில் நிறுத்தினால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்பதை அறிந்தே மாற்றுங்கள். பழைய ஹாலோஜன் ஜோடியைக் காரிலேயே வைத்திருங்கள்.

கேள்வி: ஒரு பக்கம் மட்டும் மங்கிவிட்டது. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

முதலில் இடதும் வலதுமாகப் பல்புகளை மாற்றிப் போட்டுப் பாருங்கள். மங்கல் பல்போடு சேர்ந்தே இடம் மாறினால் பல்பில்தான் குறை: ஃபேன் சுழல்கிறதா, தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். மங்கல் அதே பக்கத்தில் நின்றால் அந்தப் பக்கத்தின் ஹோல்டர், எர்த் வயர், அல்லது பேட்டரி, ஏர் ஃபில்டர் பெட்டி நெருக்கியிருப்பதால் காற்று கிடைக்காமை என மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். பல கார்களில் பேட்டரி இருக்கும் பக்கத்தில் ஹீட் சிங்குக்குப் பின்னால் இரண்டு விரல் இடைவெளிகூட இருக்காது. அந்த நிலையில் எத்தனை முறை பல்பை மாற்றினாலும் அதே பக்கம்தான் மங்கும். இரண்டு பக்கமும் பின்பகுதி குட்டையான மாதிரிக்கு மாறிக்கொள்ளுங்கள்.